குட் லைசென்ஸ், ஆபீசர்

ஆர்டெலியா டில்மனின் காருக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற சின்ன பல்பு எரியவில்லை. அது அவளுக்குத் தெரியும். பெட்ரோல் போடுகிற இடத்தில் சொன்னார்கள், சர்ச்சில் சொன்னார்கள், எதிர்வீட்டு ஃபே தன் வாசலில் நின்று கத்தியே சொன்னாள்.

"டீலியா, பின்னாடி வெளக்கு போச்சுடி! போலீஸ் புடிக்கப் போறான்!"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று ஆர்டெலியா கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். பிடிக்கட்டும் என்றுதான் அவள் அதை மாற்றாமலே வைத்திருக்கிறாள். அதை ஃபேயிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொத்த சபையும் எழுந்து நின்று அவளுக்காக ஜெபம் பண்ணிவிடும்.

பல்பு விஷயம் புரிய வேண்டுமென்றால் முதலில் அவள் புருஷன் ராஸ்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் ஃபாக்டரியில் காலமெல்லாம் உழைத்து ரிடையர் ஆன மனுஷன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், கார்வர் க்ரீக் ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். கையில் துப்பாக்கி இருந்தால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டான். ஒரு கோழியைக்கூட விரட்டத் தெரியாத ராஸ்கோ வகுப்புக்குப் போனார். காகித மனிதனைச் சுட்டார். ஷெரிஃப் ஆபீசில் பத்து விரலையும் பதித்துக் கொடுத்துவிட்டு, கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கி வந்தார். அந்த அட்டையில் இருந்த போட்டோவில் அவர் முகம் அப்போதுதான் குளவி கொட்டிய மாதிரி இருக்கும். அதை வைத்து ஆர்டெலியா ஒரு வாரம் அவரைக் கிண்டல் பண்ணினாள்.

அப்போது ஒஹையோ மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. லைசென்சும் துப்பாக்கியுமாகப் போகிறவனை போலீஸ் நிறுத்தினால், அவன் அதை உடனே சொல்லிவிட வேண்டும். அந்த 'உடனே' இருக்கிறதே, அதுதான் ராஸ்கோவின் தூக்கத்தைக் கெடுத்தது. வகுப்பிலேயே எழுந்து நின்று கேட்டிருக்கிறார்.

"சார், உடனேன்னா எவ்வளவு உடனே? குட் ஈவினிங் சொல்றதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். பின்னாடி சொன்னால் போதும், அவ்வளவு அவசரம் வேண்டாம் என்று வாத்தியாரும் சிரித்திருக்கிறார். ராஸ்கோ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அந்த வாத்தியார் மாதிரி வெள்ளைக்காரன்னா பின்னாடி சொன்னா போதும் டீலியா. என்னை மாதிரி கறுப்பன் முன்னாடியே சொல்லிடணும்."

ஆர்டெலியாவுக்கு அன்றைக்கு மட்டும் கிண்டல் எதுவும் வாயில் வரவில்லை. அவர் சொன்னது உண்மை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தினமும் ஒத்திகை. கார் ஷெட்டிலேயே வண்டியை நிறுத்தி ராஸ்கோ ஸ்டியரிங் பிடித்து உட்காருவார். ஆர்டெலியா அவருடைய பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, டார்ச் லைட்டோடு போலீஸ்காரராக நடந்து வருவாள். முறைகள் எல்லாம் அவர் வகுத்தவை. காருக்குள் விளக்கைப் போட்டுவிட வேண்டும். கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். அவர் கை இரண்டும் ஸ்டியரிங் மேலே. பக்கத்து சீட்டில் இருப்பவர் கை இரண்டும் டேஷ்போர்டு மேலே, விரலை விரித்து. போலீஸ்காரன் சொல்லாமல் எதையும் எடுக்கக் குனியக் கூடாது. துப்பாக்கி என்ற வார்த்தையை முதலில் எடுக்கவே கூடாது, லைசென்ஸ் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். தள்ளி நிற்கிற இன்னொரு போலீஸ்காரன் காதில் துப்பாக்கி என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தால் என்ன ஆகும்?

"யோவ்! எங்கய்யா போற இந்த நேரத்துல? மூஞ்சியப் பாத்தா கோழி திருடுறவன் மாதிரி இருக்கு!" என்பாள் ஆர்டெலியா.

"எந்த ஆபீசரும் அப்படிப் பேச மாட்டான் டீலியா. ஒழுங்கா நடி."

"டீலியாவா? யாருய்யா அது? சின்ன வீடா?"

ராஸ்கோ கோபித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிடுவார். அவள் கண்ணாடியைத் தட்டித் தட்டிச் சமாதானம் பண்ணுவாள். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

இத்தனை ஒத்திகை பார்த்த மனுஷனை நிஜமாகவே ஒரு நாள் நிறுத்தினார்கள். இருட்டுகிற நேரம், கிராம ரோடு, கொஞ்சம் வேகமாகப் போய்விட்டார். நிறுத்தியவர் ஷெரிஃப் ஆபீசின் கெல்சோ. நரைத்த மீசை, அவசரமில்லாத நடை. ராஸ்கோ விளக்கைப் போட்டார், கண்ணாடியை இறக்கினார், கையை வைத்தார். எல்லாம் சரி. ஆர்டெலியாவும் விரலை விரித்து டேஷ்போர்டில் வைத்தாள். கெல்சோ ஜன்னலுக்கு வந்ததும், உடனே சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் ராஸ்கோ ஒரே மூச்சில் சொன்னார்.

"குட் லைசென்ஸ், ஆபீசர்! என்கிட்ட ஈவினிங் இருக்கு!"

கெல்சோவின் மீசை மட்டும் ஆடியது. ஆர்டெலியா பயத்தில் நடுங்கினாளா, சிரிப்பை அடக்கி நடுங்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. டேஷ்போர்டே அதிர்ந்தது. கெல்சோ மெதுவாக, "ரொம்ப நல்ல ஈவினிங்தான் சார். அது எந்தப் பக்கம் இருக்கு?" என்றார். ராஸ்கோ, "வலது இடுப்புல" என்றார். கெல்சோ தோளில் மாட்டியிருந்த ரேடியோவில் சொன்னார்: "வண்டியில ரெண்டு பேர். ஒரு பிரச்சனையும் இல்ல." பார்த்துப் போங்க என்று அனுப்பிவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் ராஸ்கோ காரை ஓரம் கட்டினார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள்.

அந்த ராஸ்கோ மே மாதம் ஒரு காலையில், புல் வெட்டுகிற மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்திருக்கவில்லை. துப்பாக்கியை அவர் தம்பி வந்து எடுத்துக்கொண்டு போனார். கார் மட்டும் அவர் பேரிலேயே நின்றது. பேரை மாற்றுவதற்கு ஒரு ஆபீசுக்குப் போக வேண்டும், போய் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கிற யாரோ ஒரு பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். ஆர்டெலியா அதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

அவள் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. சர்ச்சில் எல்லோரும் அவளுக்கு முன்பே தெரிந்துகொண்டு பாத்திரம் பாத்திரமாக மக்ரோனியும் சீஸும் கொண்டுவந்து கொடுத்தார்கள். கர்த்தரிடம் போய்விட்டார், இளைப்பாறப் போய்விட்டார் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஜூலை மாதத்தோடு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. அவள் எதிரில் ராஸ்கோவின் பெயரை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எப்படியோ எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்கள். அரிசோனாவில் இருக்கிற மகள்கூட, ஆர்டெலியா "உங்கப்பா இருந்தா" என்று ஆரம்பித்தால், "சரிம்மா, நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அம்மா அழுதுவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு. அழுதால்தான் என்ன? நாலு சுவருக்குள் டிவியோடு பேசிக்கொண்டிருப்பதற்கு அழுவது எவ்வளவோ மேல்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, சர்ச்சில் பைபிள் வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றது. பழக்கம் விடுமா? விளக்கைப் போட்டாள், கண்ணாடியை இறக்கினாள், கையை ஸ்டியரிங் மேலே வைத்தாள். நடந்து வந்தவர் கெல்சோ. அறுவடை முடிந்த சோளக்காட்டுக்கு நடுவில் அந்த நரைத்த மீசையைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"நம்பர் பிளேட் பல்பு எரியலம்மா. அதான் நிறுத்தினேன்." அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல பேரைப் பாத்துட்டு அவருதான் ஓட்டிட்டு வராருன்னு நெனச்சேன். எங்க நம்ம ஆளு? அந்த குட் லைசென்ஸ் சார்?"

ஆர்டெலியா சிரித்துவிட்டாள். மே மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு. உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்த ஒன்று, இதோ இன்னொரு மனுஷனின் வாயிலிருந்து வருகிறது. இவருக்கு அவரை ஞாபகம் இருக்கிறது!

"நான் வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேம்மா. அவ இப்பவும் காலையில எனக்கு காபி குடுக்கறப்ப குட் லைசென்ஸ்தான் சொல்றா. எப்படி இருக்காரு?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அந்த மீசை அப்படியே தொங்கிவிடும். தொப்பியைக் கழற்றுவார், ரொம்ப வருத்தம் என்பார், இவரும் இனி ராஸ்கோவின் பேரை எடுக்க மாட்டார். அது அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்காரு. வீட்லதான். முட்டி வலி, அதான் வரல."

"ஐயோ பாவம். எனக்கும் அதே கொடுமைதான். பல்பை மட்டும் மாத்தச் சொல்லுங்க."

"சனிக்கிழமை மாத்திடுவாரு" என்றாள் ஆர்டெலியா.

அந்த ராத்திரி அவள் நன்றாகத் தூங்கினாள். பொய் சொன்னது உறுத்தவில்லையா என்றால், உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு ஊரே ராஸ்கோ இல்லை என்று முடிவு பண்ணிவிட்டபோது, ஒருவர் மட்டும் அவருடைய முட்டியைப் பற்றி விசாரிக்கிறார். அதை எப்படி விடுவது?

பல்பை அவள் மாற்றவில்லை. புதன்கிழமைகளில் வேண்டுமென்றே இருட்டின பிறகு, அந்த ரோட்டு வழியாகவே வந்தாள். நவம்பரில் கெல்சோ மறுபடி நிறுத்தினார்.

"என்னம்மா, எந்த சனிக்கிழமைன்னு கேக்க மறந்துட்டேனே?"

"அவரால குனிய முடியல ஆபீசர். கீழ உக்காந்தா எழுந்திரிக்க நான்தான் தூக்கி விடணும். அப்பவும் என்னையே திட்டுவாரு."

"ஆம்பளைங்க அப்படித்தாம்மா" என்று கெல்சோ சிரித்தார். "நான் விசாரிச்சேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். காலி நாற்காலியைப் பார்த்து, "உன்னை விசாரிச்சாரு" என்றாள். அன்றைக்கு டிவியைப் போடவில்லை.

குளிர் இறங்கியதும் சர்ச்சில் ஏழைகளுக்குப் பழைய துணி சேகரித்தார்கள். ராஸ்கோவின் கம்பளிக் கோட்டையும் தொப்பியையும் ஆர்டெலியா எடுத்துக்கொண்டு போனாள். துணிப்பெட்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். கோட்டை முன் சீட்டில் போட்டாள். முதல் திருப்பத்திலேயே அது சரிந்து கீழே விழுந்தது. காரை நிறுத்தி, கோட்டை நிமிர்த்தி வைத்து, சீட் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். தொப்பியை சீட்டில் தலை சாய்க்கிற மெத்தை மேலே கவிழ்த்தாள். வீட்டுக்கு வந்தும் அதை எடுக்க மனசு வரவில்லை. அதற்கப்புறம் கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் கோட்டு பெல்ட் போட்டுக்கொண்டு கூடவே வந்தது. எதிர்வீட்டு ஃபே ஒரு நாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மழை வரும்போல இருக்கே என்று வானத்தைப் பார்த்துப் பேசினாள்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை. ஆலங்கட்டியும் மழையுமாகக் கலந்து கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. ஆறு மணிதான், அதற்குள் கும்மிருட்டு. பின்னால் நீலமும் சிவப்பும் சுழன்றது. ஆர்டெலியாவுக்குச் சந்தோஷம் பொங்கியது. கெல்சோவைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. ஓரமாக நிறுத்தினாள். கண்ணாடிகளை இறக்கினாள். உள்விளக்கைப் போடப் போன கையை மட்டும் இழுத்துக்கொண்டாள். விளக்கைப் போட்டால் பெல்ட் போட்ட கோட்டு தெரிந்துவிடும், கெல்சோ என்ன நினைப்பார்? தலைமுடியைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, கையை ஸ்டியரிங் மேலே வைத்துக் காத்திருந்தாள்.

யாரும் நடந்து வரவில்லை. ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. அது கெல்சோவின் குரல் இல்லை. சின்னப் பையன் குரல்.

"வண்டியில இருக்கற ரெண்டு பேரும் கையைக் காட்டுங்க!"

ரெண்டு பேர். ஆர்டெலியாவுக்கு ஒரு நிமிஷம் அந்த வார்த்தை இனித்தது, என்னத்தைச் சொல்ல. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

"டிரைவர், உங்க கை தெரியுது. அப்படியே வெச்சிருங்க. பக்கத்துல இருக்கறவர்! மிஸ்டர் டில்மன்! கையை டேஷ்போர்டு மேல வைங்க!"

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். போலீஸ் காரின் கதவு திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் குனிந்து நின்றவன் கையில் இருந்தது டார்ச் மட்டும் இல்லை. அவனுடைய கம்ப்யூட்டர் அவனிடம் என்ன சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ராஸ்கோ டில்மன், துப்பாக்கி வைத்திருப்பவர். கம்ப்யூட்டருக்கு மே மாதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முன் சீட்டில் தொப்பியும் தோளுமாக ஓர் ஆள், இவ்வளவு கத்தியும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

கோட்டை ஒரு தட்டுத் தட்டினால் போதும், சரிந்து விழுந்துவிடும். அவள் வலது கை ஸ்டியரிங்கிலிருந்து லேசாகக் கிளம்பியது. அவன் சொல்லாம எதையும் எடுக்கப் போகாத டீலியா! கார் ஷெட்டில் கேட்ட அதே குரல். கை திரும்பவும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது.

"மிஸ்டர் டில்மன்! கடைசியா சொல்றேன்! கையைக் காட்டுங்க!"

"அவரால கையைத் தூக்க முடியாது!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள் ஆர்டெலியா.

அடிப்பாவி, இதையா சொல்வது? அந்தப் பையனின் குரல் உடைந்தே போனது.

"ஏன் முடியாது? கையில என்ன வெச்சிருக்காரு? மேடம், அவர் கையில என்ன இருக்கு?"

இன்னும் ஒரு வார்த்தை சுற்றி வளைத்துப் பேசினால் சுட்டுவிடுவான். கண்ணாடியில் அவன் நிற்கிற நிலையிலேயே அது தெரிந்தது. கோட்டைச் சுடுவான், குண்டு கோட்டோடு நிற்குமா என்ன? தவறிவிட்டார் என்றால் அவனுக்குப் புரியுமா? கர்த்தரிடம் போய்விட்டார் என்றால் ஏதோ மிரட்டுகிறாள் என்று நினைத்துக்கொள்வானோ? ராஸ்கோ ஒத்திகை பார்த்த மாதிரியே, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி, சத்தமாகச் சொன்னாள்.

"ஆபீசர்! என் கை ஸ்டியரிங் மேல இருக்கு. நான் அசைய மாட்டேன். ராஸ்கோ டில்மன் செத்துப் போயிட்டாரு. இது அவரோட கோட்டு. வெறும் கோட்டு. உள்ள யாரும் இல்ல."

கண்ணாடியில் அவன் துப்பாக்கி இன்னும் இறங்கவில்லை.

"வண்டியில துப்பாக்கி இல்ல. யாரும் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கையை எடுக்கக் கூடாது என்பதால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அப்படியே அழுதாள்.

பூட்ஸ் சத்தம் மறுபக்கமாக வந்தது. டார்ச் வெளிச்சம் தொப்பியில் விழுந்து, காலரில் இறங்கி, கோட்டின் காலிக் கைகளில் வந்து நின்றது. கதவு திறந்தது. அந்தப் பையன் கோட்டின் தோளை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். அது உள்ளே அமுங்கியது. அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முகமெல்லாம் செம்புள்ளி, தாடையில் ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கொண்ட காயம். துப்பாக்கியை உறையில் செருக அவனால் முடியவில்லை, இரண்டு தடவை முயற்சி பண்ணினான்.

"சுட்டிருப்பேன் மேடம்" என்றான். "சாமி சத்தியமா சுட்டிருப்பேன்."

"தெரியும்ப்பா" என்றாள் ஆர்டெலியா. "நீ சுடல. அதை நெனச்சுக்கோ."

அதற்குள் இன்னொரு போலீஸ் கார் எதிரிலிருந்து வேகமாக வந்து நின்றது. கெல்சோ இறங்கி, முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் ஓடி வந்தார். ரேடியோவில் டில்மன் என்ற பெயரைக் கேட்டதும் கிளம்பியிருக்கிறார்.

"ஏய் ப்ரூவர்! அவசரப்படாத! எனக்குத் தெரிஞ்சவருப்பா, தங்கமான மனுஷன். நான் பேசறேன்!" என்று கத்திக்கொண்டே வந்தவர், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தார். சீட்டையும், பெல்ட்டையும், கோட்டையும், தொப்பியையும் பார்த்தார். பிறகு ஆர்டெலியாவைப் பார்த்தார். அவள் கை இன்னும் ஸ்டியரிங் மேலேயே இருந்தது.

"எப்பம்மா?" என்று கேட்டார்.

"மே மாசம்."

அக்டோபரையும் நவம்பரையும் அவர் மனசுக்குள் நினைத்துப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆர்டெலியாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் கெல்சோ. "நான் நிறுத்தினேனே, அப்பவே உடனே சொல்லியிருக்கலாமே."

"உடனேன்னா எவ்வளவு உடனே, ஆபீசர்?" என்றாள் ஆர்டெலியா.

அவள் நினைத்த மாதிரியே கெல்சோ தொப்பியைக் கழற்றினார். ஆலங்கட்டி அவர் வழுக்கைத் தலையில் விழுந்து தெறித்தது. தோளில் இருந்த ரேடியோ, எத்தனை பேர், நிலைமை என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கெல்சோ அதை அழுத்திப் பிடித்தார்.

"வண்டியில ஒருத்தர்தான்" என்றார். "ஒரே ஒருத்தர். ஒரு பிரச்சனையும் இல்ல."

பிறகு அவர் தன் காருக்குப் போய்க் குனிந்து எதையோ தேடினார். ஒரு ஸ்குரூ டிரைவரும் சின்ன அட்டைப் பாக்கெட்டுமாகத் திரும்பி வந்தார். பாக்கெட்டை அவளிடம் காட்டும்போது அவர் நேராகப் பார்க்கவில்லை.

"அவரால குனிய முடியாதுன்னீங்களே. நானே மாத்திக் குடுக்கலாம்னு அன்னிக்கே வாங்கி வெச்சிட்டேன். அதுக்கப்புறம் உங்களைப் பாக்கவே முடியல."

ப்ரூவர் டார்ச் பிடித்தான். கெல்சோ முனகிக்கொண்டே நனைந்த ரோட்டில் ஒரு முட்டியை ஊன்றி, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்த மூடியைக் கழற்றினார். ஆர்டெலியா வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். என்ன காரணம் சொல்வது? கண்ணாடியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று காருக்குப் பின்னால் ரோட்டில் வெள்ளையாக ஒரு துண்டு வெளிச்சம் விழுந்தது.

"எரியுது!" என்றான் ப்ரூவர்.

கெல்சோ எழுந்து ஜன்னலுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அவரோட துப்பாக்கி லைசென்சை கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துடச் சொல்லி நாளைக்கு ஆபீஸ்ல நானே பேசிடறேன். இனிமே உங்களை நிறுத்தினா யாரும் பயப்பட மாட்டாங்க."

"இனிமே ஏன் நிறுத்தப் போறாங்க?" என்றாள் ஆர்டெலியா.

கெல்சோ கார் கூரையை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார். பெரிய ரோடு பிரிகிற இடம்வரைக்கும் அவருடைய கார் அவளுக்குப் பின்னாலேயே துணைக்கு வந்தது. அங்கே இண்டிகேட்டர் போட்டு ஊர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டது.

ஆலங்கட்டி நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வெறும் சோளக்காடு, முன்னால் நேரான ரோடு. பக்கத்தில் கோட்டு பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. ப்ரூவர் விரலால் அழுத்திய இடம் இன்னும் குழிந்தே இருந்தது. ஆர்டெலியா ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தாள். நாற்பத்தைந்து மைல் வேகத்தில் போக வேண்டிய ரோட்டில் ஐம்பதில் போனாள், பிறகு அறுபதில் போனாள். கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.